தொந்தரவில்லாத கைதி

மாநிலச் சிறைத்துறையின் தலைமைப் பொறுப்பில் உள்ள மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

கொல்லிமலை செம்மேட்டிலிருந்து எழுதுகிறேன். மலைமக்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. சாதிச் சான்று, பட்டா, முதியோர் உதவித்தொகை, காட்டுப்பன்றி அழித்த மரவள்ளிக்கு இழப்பீடு என்று இருபது ஆண்டுகளாகப் பிறருக்காகவே எழுதி வந்திருக்கிறேன். ‘மனு’ என்ற சொல்லுக்கு இங்கே இன்னொரு பொருளும் உண்டு. சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதை ‘மனு பார்க்கப் போறோம்’ என்பார்கள். அப்படிப் போகிறவர்களுக்குத் துணையாக நானும் பலமுறை கீழே இறங்கி வந்திருக்கிறேன். அங்கே கண்டதையும், திரும்பி வந்தவர்களிடம் இப்போது காண்பதையும் தாங்கள் அறிய வேண்டும். அதற்காகவே முதன்முறையாக என் சார்பில் ஒரு மனு. ஊராரும் உடன் படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்க்காரர் ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியவர், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த வழக்கில் பிடிபட்டார். சட்டப்படி அது குற்றம்தான். அதைப் பற்றி நான் வாதாட வரவில்லை. ஜாமீன் கிடைத்து, ஜாமீன்தாரர் கிடைக்காமல், மொத்தம் ஏழு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து வீட்டுக்குள் படுப்பதில்லை. கதவைச் சாத்தினால் எழுந்து திறந்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொள்கிறார். மார்கழிக் குளிரிலும் அப்படித்தான். மிளகுக் கொடி ஏறுவதில் ஊரிலேயே கெட்டிக்காரர். இந்த ஆண்டு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அவர் மனைவி என்னிடம் சொன்னார்: “உள்ள இருந்தப்ப ஒவ்வொரு தடவையும் கேட்டனுங்க. ஒரு தொந்தரவும் இல்லம்மா, அவரு பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்துருக்காருன்னு சொன்னாங்க.”

ஐயா, என் மடல் முழுவதும் அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான். ‘தொந்தரவில்லை’ என்பது சிறை நிர்வாகத்தின் பார்வையில் நல்ல செய்தி. மூவாயிரம் அடிக்கு மேலே, கூப்பிட்டால் அடுத்த சரிவில் கேட்கும்படி பேசிப் பழகிய ஒரு மனிதர் ஏழு மாதம் வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தார் என்றால், அது உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய செய்தி. கத்துகிறவரை, தலையை மோதிக்கொள்கிறவரை உங்கள் காவலர்கள் கவனிக்கிறார்கள். அதற்கு நன்றி. அமைதியாக அமிழ்ந்துபோகிறவரைக் கவனிக்க அங்கே யாருக்கும் பொறுப்பு இல்லை.

மலையாளிப் பழங்குடியினரான எங்கள் மக்களின் மௌனம் பற்றித் தங்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். கீழே இறங்கி ஓர் அலுவலகத்தில் நின்றால் நாங்கள் முதலில் பேச மாட்டோம். கேட்டால்தான் பதில். அதிகாரி எது சொன்னாலும் “சரிங்க”. ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் இல்லை. இந்த இடத்தை விட்டு உருப்படியாக வெளியே போக வேண்டும் என்று பொருள். இந்தப் பழக்கம் எங்களுக்குப் பிறவியில் வந்ததில்லை. சீருடையைக் கண்ட மலைகள் எல்லாம் கற்றுக்கொண்ட பாடம் இது. 1992 ஜூனில் வாச்சாத்தி கிராமத்து மக்கள்மீது சீருடைக்காரர்கள் நடத்திய கொடுமைகளை மலைக்கு மலை சொல்லியிருக்கிறார்கள். வீரப்பன் தேடுதலின்போது மாதேஸ்வரன் மலையில் அதிரடிப்படை நடத்திய தடுப்பிடத்துக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர். அங்கே சோளகர்களும் மற்ற மலையோர மக்களும் பட்ட வதைகளை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கும்படி தேசிய மனித உரிமை ஆணையம் 2007-ல் பரிந்துரைத்தது. தொகையைப் பற்றிய செய்திகளை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். அவர்களுடைய தூக்கத்தைப் பற்றி ஒரு வரி வாசித்ததாக நினைவில்லை. செம்மரம் வெட்டியதாக ஆந்திரச் சிறைகளில் கிடந்த ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை ஆட்களுக்கோ காவலரின் மொழியும் புரியாது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்த பிறகு அவர்கள் அந்தச் சுவர்களுக்குள் எப்படி உறங்கியிருப்பார்கள் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

இவையெல்லாம் தங்கள் துறை செய்தவை என்று நான் சொல்லவில்லை. உங்கள் வாசலில் ஒரு மலைவாசி வந்து நிற்கும்போது இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறார் என்பதைத் தெரிவிக்கிறேன்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 103-ஆம் பிரிவு சிறைகளுக்கானது. சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சிறையில் மனநோயாளிகள் எவரும் இல்லை என்று அதில் சான்றளிக்க வேண்டும். மனநோய் உள்ளவரைக் கண்டறிந்து உரிய சிகிச்சை இடத்துக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு ‘இல்லை’ என்று எழுதுவதுதான் சட்டத்தின் நோக்கம். தேடாமலே ‘இல்லை’ என்று எழுதவும் அந்தத் தாள் இடம் கொடுத்துவிடுகிறது. எங்கள் ஊர்க்காரர் உள்ளே இருந்த ஏழு மாதத்தில் இரண்டு முறையாவது அந்தத் தாள் போயிருக்க வேண்டும். அவரைப் பற்றி அதில் என்ன இருந்திருக்கும்? அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை என்கிறார். ஆகவே அவர் அந்த ‘இல்லை’க்குள் இருந்திருக்கிறார்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அந்நகரத்து மத்தியச் சிறையில் 5,024 கைதிகளை ஆராய்ந்து 2011-ல் அறிக்கை வெளியிட்டார்கள். மனநோயோ போதைப் பழக்கமோ உள்ளவர்கள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர். போதையை விலக்கிப் பார்த்தாலும் நான்கில் ஒருவருக்கு மேல். உட்கார்ந்து கேட்டதால் கிடைத்த எண்ணிக்கை அது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்கள் 159 பேர்; அவர்களில் 119 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்த 119 பேரில் எத்தனை பேர் ‘தொந்தரவில்லாத’ கைதிகளாக இருந்தார்களோ என்று நினைத்து நான் நிம்மதி இழந்திருக்கிறேன்.

ஆகவே என் முதல் வேண்டுகோள் அந்தக் காலாண்டுத் தாளைப் பற்றியது. சான்றோடு ஓர் இணைப்பும் வைக்கும்படி தாங்கள் உத்தரவிட வேண்டும். இந்த மூன்று மாதத்தில் எத்தனை பேரைத் தனியே உட்காரவைத்துப் பேசினோம், பேசியவர் யார், எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினோம் என்பவை அதில் இருக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், சட்டமன்றம் கூட வேண்டாம். தங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும். தங்கள் சுற்றறிக்கைக்கு உள்ள மதிப்பை நான் சிறை வாசல்களில் கண்ணால் கண்டவன்.

அடுத்தது, எப்படிக் கேட்பது என்பது. உள்ளே வரும் நாளிலேயே உடல் பரிசோதனை நடக்கிறது. எடை, உயரம், காயத் தழும்பு, அங்க அடையாளம் எல்லாம் எழுதுகிறார்கள். மனதைப் பற்றியும் அன்றே கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் கேட்க வேண்டும், ஏனென்றால் முதல் நாள் யாரும் உண்மை சொல்லும் நிலையில் இருப்பதில்லை. வாய்தாவுக்குப் போய் வந்த மாலையில் ஒருமுறை, வீட்டில் சாவு விழுந்த செய்தி வந்தால் ஒருமுறை. கேட்பவர் சீருடையில் இருக்கக் கூடாது. வரிசையில் நிற்கவைத்துக் கேட்கக் கூடாது.

கேட்கும் சொல்லும் முக்கியம். “உனக்கு மன அழுத்தம் இருக்கிறதா?” என்றால் எங்கள் ஆள் “இல்லைங்க” என்பார். அந்தச் சொல் அவர் வீட்டில் புழங்குவதில்லை. “சோறு இறங்குதா? ராத்திரி தூக்கம் புடிக்குதா? எந்நேரமும் யாரு நெனப்பு?” என்று கேளுங்கள். நெஞ்சு படபடங்குது, தலைக்குள்ள எரையுது, கை கால் ஓஞ்சு போச்சு என்று உடம்பின் வழியாகத்தான் மனதைச் சொல்வார். வதைபட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும், நம் மக்கள் மனத்துயரை உடல் நோவாகவே சொல்வதைப் பதிவு செய்திருக்கிறார். அங்கே போரும் ராணுவக் காவலும் செய்த வேலையை இங்கே பூட்டிய கதவும் வராத ஜாமீனும் சிறிய அளவில் செய்கின்றன. தலைவலி என்று வருகிற மலைவாசிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பும் முன், சிறை மருத்துவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும். “காத்து கருப்பு பட்டிருச்சுங்க, எட்டுக்கை அம்மன் கோயிலுக்குப் போய்க் குறி கேக்கணும்” என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். உதவி வேண்டும் என்று அவர் தன் மொழியில் கேட்டுவிட்டார். அந்த இடத்திலிருந்து மருத்துவர் பேச்சைத் தொடங்கலாம்.

கேட்பதற்கு ஆள் எங்கே என்று தங்கள் அலுவலகத்தில் கேட்கக்கூடும். கிளைச்சிறைக்கு ஒரு மனநல மருத்துவரை முழுநேரமாக நியமிப்பது எளிதில்லை என்பதை அறிவேன். ஆனால் நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. சேலத்தில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்குப் போய் வருகிறார்கள். அந்தப் பயணப் பட்டியலில் கிளைச்சிறையையும் ஒரு நிறுத்தமாகச் சேர்க்கும்படி சுகாதாரத் துறைக்குத் தாங்கள் எழுதலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி மானஸ்’ ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணைச் சிறைத் தொலைபேசியில் திறந்துவிடுங்கள். வீட்டாரிடம் பேசும் நேரத்தோடு அதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டாம். பெண்டாட்டி பிள்ளையோடு பேசுவதா, மருத்துவரோடு பேசுவதா என்று ஒரு கைதியைத் தேர்ந்தெடுக்க வைக்கக் கூடாது.

மனு பார்ப்பதைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்தைவிட அது பெரிது என்று கண்ணால் கண்டிருக்கிறேன். உள்ளொடுங்கிய சிற்றூரிலிருந்து செம்மேட்டுக்கு நடை அல்லது பங்கு ஜீப். அங்கிருந்து பேருந்து. சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பெண்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்தே இறங்குவார்கள். நாமக்கல்லுக்கே ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது; சிறை அதற்கும் அப்பால் என்றால் இன்னொரு பேருந்து. ஒரு நாள் கூலி போகும், இருவருக்குப் பேருந்துக் கட்டணம் ஆகும். போய்ச் சேரும்போது மனு நேரம் முடிந்திருக்கும். அல்லது அடையாள அட்டையில் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கும். வாசலில் இருந்து அப்படியே திரும்பிய ஒரு தாயோடு நான் மலையேறியிருக்கிறேன். கொண்டுபோன பொரிகடலைப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார். எழுபது வளைவுக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்து காத்திருந்து திரும்பியது உள்ளே இருந்த மகனுக்குத் தெரியவே தெரியாது. ‘யாரும் வரலை’ என்றுதான் அவன் அன்றிரவு படுத்திருப்பான்.

மலைப்பகுதியிலிருந்து வருகிறவர்கள் எந்நேரம் வந்தாலும், சிறை பூட்டும் முன் என்றால், பார்க்க அனுமதி உண்டு என்று ஒரு வரி எழுதுங்கள். அனுமதிக்கவே முடியாத நாளில், ‘உன் அம்மா வந்திருந்தார்’ என்ற செய்தியையாவது உள்ளே சொல்லி அனுப்புவதைக் காவலரின் கடமை ஆக்குங்கள். எங்கள் பல ஊர்களில் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. அதனால் வீட்டு எண்ணோடு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் உள்ள ஒரு கடைக்காரரின் எண்ணையோ ஊர்க்கவுண்டரின் எண்ணையோ பதிவு செய்ய விடுங்கள். 2017 செப்டம்பரில் சிறைகளின் நிலை பற்றிய வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், குடும்பத்தாரோடு தொடர்பும் ஆலோசனையும் கைதிகளின் தற்கொலையைத் தடுக்க உதவும் என்றது. ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளோ கைதியை இயன்றவரை வீட்டுக்கு அருகில் வைக்கச் சொல்கின்றன.

உள்ளே இருக்கும் காலத்தைக் குறைப்பதும் மனநலச் சிகிச்சைதான், ஐயா. அந்த அதிகாரத்தில் ஒரு பங்கு தங்கள் கண்காணிப்பாளர்களிடமே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவின்படி, முதன்முறை வழக்கில் சிக்கியவர், உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், சில கடுமையான குற்றங்கள் நீங்கலாக, பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்கப்பட வேண்டும். அதற்கு நீதிமன்றத்தில் எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியேறவில்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தின் செயலாளருக்குக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர் ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். சொத்துக் காட்டும் ஜாமீன்தாரரை மலையில் எங்கே தேடுவது? ஏழாம் நாள் ஒரு கடிதம் போயிருந்தால், அந்த இரண்டு மாதம் அவருக்கு மிஞ்சியிருக்கும்.

கவனிக்காமல் விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அசாமில் ஒரு சான்று உண்டு. மச்சாங் லாலுங் என்ற பழங்குடி மனிதர் 1951-ல் கைது செய்யப்பட்டு, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-ல் அவர் நலமாகிவிட்டதாக மருத்துவர்கள் சான்றளித்தார்கள். அதன் பிறகும் யாரும் அவரை வழக்குமன்றத்துக்கு அழைத்துப் போகவில்லை. வெளியே வந்தது 2005-ல், 54 ஆண்டுகள் கழித்து. அரசு அவருக்கு 3 லட்சம் ரூபாயும் மாதம் ஆயிரம் ரூபாயும் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007-ல் இறந்துபோனார். லாலுங்கும் தொந்தரவில்லாத கைதியாகத்தான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. தொந்தரவு கொடுத்திருந்தால் யாராவது அவர் கோப்பைத் திறந்திருப்பார்கள்.

விடுதலை ஆகும் நாளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். சிறையில் மனநல மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் ஜாமீன் உத்தரவு வந்த மாலையில் திடீரென வெளியே விடப்படுகிறார். கையில் துணிப்பை மட்டும் இருக்கிறது. மருந்து இல்லை, சீட்டு இல்லை. அந்த வகை மாத்திரைகளைச் சட்டென நிறுத்தினால் என்ன ஆகும் என்பது தங்கள் மருத்துவர்களுக்குத் தெரியும். கடைசிப் பேருந்தும் போயிருக்கும். எங்கள் ஆட்கள் காரவள்ளியில் விடிய விடியக் குந்தியிருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மருந்து, என்ன நோய், என்ன மருந்து என்று தமிழில் எழுதிய ஒரு கடிதம், அதன் படி ஒன்று எங்கள் மலையின் அரசு மருத்துவமனைக்கு. இவ்வளவும் செய்தால் இங்குள்ள செவிலியர்கள் மீதியைப் பார்த்துக்கொள்வார்கள். காசநோய்க்கு வீடு தேடி வந்து மாத்திரை கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குச் செய்தி வருவதில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. உயிரை விட முயன்று பிழைத்தவரைத் தனிக் கொட்டடியில் அடைப்பது பாதுகாப்பு என்று பல இடங்களில் நம்புகிறார்கள். அவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் தருவது அரசின் கடமை என்று மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. தனிமையில் தள்ளாதீர்கள். பேச்சுத் துணைக்கு, பயிற்சி பெற்ற ஒரு சக கைதியை, முடிந்தால் அவர் பக்கத்து ஊர்க்காரரை, உடன் வையுங்கள்.

தங்கள் காவலர்களையும் மறக்கவில்லை. இரவுப் பணியில் தனியே சுற்றி வருகிற, விடுப்புக் கிடைக்காத இளம் காவலர்கள் மனு வாசலில் என்னோடு பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கும் தூக்கமில்லை. மருத்துவர் வருகிற நாளில் அவர்களும் போய் உட்காரத் தாங்கள் வழி செய்தால், கைதியின் மௌனத்தை அவர்கள் வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

எங்கள் ஊர்க்காரருக்கு அடுத்த வாய்தா ஆடிப்பெருக்கு கழிந்த மறு வாரம். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலை நிறையக் கூட்டம் வரும்; அவர் கூட்டத்துக்குள் போக மாட்டார். வழக்குமன்றத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு நானும் அவர் மனைவியும் கீழே இறங்குவோம். இந்த மடலின் படியை அன்றைக்கே தங்கள் சரக அலுவலகத்தில் நேரில் கொடுக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும், அடுத்த காலாண்டுத் தாள் கிளம்பும் முன் அந்தச் சுற்றறிக்கையும் வேண்டுகிறேன்.

பணிவுடன்,
மனு எழுதுபவன்,
செம்மேடு, கொல்லிமலை.